ஒரு கால் இழந்தவர் வில்வித்தைப் போட்டிக்குப் போகலாமா? சுங்கை சிப்புட் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி, உங்கள் மைத்துனரைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அவருக்கு வயது 24. வேலைக்குப் போகும் வழியில் நடந்த மோட்டார் விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. பாரிஸ் பாராலிம்பிக்கில் கைகளே இல்லாத ஒரு பெண் காலால் வில்லைப் பிடித்து அம்பு எய்ததைக் கைப்பேசியில் பார்த்ததிலிருந்து தானும் அதைச் செய்ய வேண்டும் என்கிறார். அவர் எந்தப் பிரிவில் வருவார், நின்று எய்வதா உட்கார்ந்து எய்வதா, எந்த வில் வாங்குவது, சக்கர நாற்காலியில் இருப்பவரோடு நிற்பவரை மோதவிடுவது நியாயமா என்பன உங்கள் கேள்விகள்.

போகலாம். அவருடைய நிலையில் உள்ளவர்கள் பொதுவாக 'ஓப்பன்' என்னும் பிரிவில் வருவார்கள். ஆனால் வில்லை வாங்கிவிடாதீர்கள். முதலில் தீர்க்க வேண்டியது அவர் எதன்மேல் நிலைகொண்டு எய்யப் போகிறார் என்பதுதான். வில்வித்தையில் கால் ஓடுவதற்காக இல்லை, அசையாமல் இருப்பதற்காக இருக்கிறது. அந்த அசையாமையை வேறு வழியில் கொடுத்துவிட்டால் மீதி வேலை முதுகுக்கும் தோளுக்கும் போய்விடும்.

இதை முதலில் கண்டுகொண்டவர் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த அவர், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் போரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வைத்து மருத்துவமனைப் புல்வெளியில் ஒரு போட்டி நடத்தினார். அந்தப் போட்டி வில்வித்தை. இடுப்புக்குக் கீழே உணர்வு போனவருக்குத் தோளும் உடற்பகுதியும் வலுப்பெற வேண்டும், உட்கார்ந்த நிலையில் சாயாமல் இருக்கப் பழக வேண்டும். வில் இரண்டையும் ஒருசேரச் செய்யும் என்பது அவர் கணக்கு. அதே ஆண்டு ஜூன் 16 அன்று நம் ஊர்ப்புறத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுடப்பட்டு, அதையடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஆறு வாரம் கழித்து நடந்தது குட்மனின் போட்டி என்று நினைத்துக்கொண்டால் காலம் மனத்தில் நிற்கும். 1960இல் ரோமில் முதல் பாராலிம்பிக் நடந்தபோது வில்வித்தை அதில் இருந்தது. அன்று முதல் ஒரு பாராலிம்பிக்கிலும் விடுபடவில்லை.

இனிப் பிரிவுகள். பாராலிம்பிக்கில் இன்று இரண்டு பிரிவுகள்தான். கைகால்கள் நான்கிலும் உடற்பகுதியிலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு 'டபிள்யூ1'. கால்களிலோ, கைகளிலோ, உடலின் ஒரு பக்கத்திலோ பாதிப்பு உள்ள மற்றவர்களுக்கு 'ஓப்பன்'. இதில் நாற்காலியில் இருப்பவரும் உண்டு, முக்காலியில் உட்காருபவரும் உண்டு, நிற்பவரும் உண்டு. பார்வையற்றோருக்கு உலகப் போட்டிகளில் தனிப் பிரிவு இருக்கிறது. அவர்கள் 30 மீட்டரில் எய்கிறார்கள்; குறி பார்ப்பதற்குப் பதிலாக, ஒரு தாங்கியில் பொருத்திய சிறு முனை வில் பிடித்த கையின் புறத்தைத் தொடும், அந்தத் தொடுகையை வைத்துத்தான் திசையை அறிகிறார்கள். அது பாராலிம்பிக்கில் இன்னும் சேரவில்லை.

பிரிவை முடிவு செய்வது நாமும் அல்ல, நம் ஊர் மருத்துவரும் அல்ல. மருத்துவப் பயிற்சி உள்ள ஒருவரும் வில்வித்தை அறிந்த ஒருவரும் அடங்கிய குழு, மருத்துவ அறிக்கைகளைப் பார்த்து, தசை வலுவையும் மூட்டு அசைவையும் இழந்த உறுப்பின் அளவையும் புள்ளிகளாகக் கணக்கிட்டு, அதன்பின் அவர் எய்வதையும் பார்த்துத் தீர்மானிக்கும். உடற்குறை உள்ள எல்லாரும் தகுதி பெறுவதில்லை. இரண்டு விரல் இழந்த ஒருவரை ஆசையோடு அழைத்துப் போய், குறைந்தபட்ச அளவுக்குள் வரவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, ஈப்போவிலிருந்து வீடு வரும் வரை அவரும் நானும் ஒரு வார்த்தை பேசாமல் வந்த நாள் எனக்கு உண்டு. உங்கள் மைத்துனர் விஷயத்தில் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அறுவைச் சிகிச்சை அறிக்கை, எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் ஆகியவற்றின் மூலப்படிகளை ஒரு கோப்பில் இன்றே போட்டு வையுங்கள். முக்காலி, கட்டுப்பட்டை, காலடியில் வைக்கும் கட்டை என எந்தத் துணைக்கருவியை அவர் பயன்படுத்தலாம் என்பதைக் குழு அவருடைய பிரிவு அட்டையில் எழுதும். அட்டையில் இல்லாததை எய்யும் கோட்டில் நடுவர் அனுமதிக்க மாட்டார்.

நிற்பவரும் உட்காருபவரும் மோதுவது நியாயமா என்ற கேள்வி எளிதானதல்ல. 2012 லண்டன் வரை ரீகர்வ் என்னும், நுனிகள் முன்புறம் வளைந்த வில்லில் நிற்போருக்குத் தனிப் பதக்கமும் நாற்காலியில் இருப்போருக்குத் தனிப் பதக்கமும் இருந்தன. பின்னர் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். சேர்த்தது சரி என்பது என் கருத்து. அதற்கு நான் சாட்சியாக அழைப்பது நியூசிலாந்தின் நெரோலி ஃபேர்ஹாலை. மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த அவர், 1982இல் பிரிஸ்பேன் காமன்வெல்த் போட்டியில் சக்கர நாற்காலியில் இருந்தபடி, நின்று எய்த பெண்கள் அனைவரையும் வென்று தங்கம் எடுத்தார். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் எய்தார். உட்கார்ந்து எய்வது அனுகூலமா என்று கேட்டவர்களிடம், தெரியவில்லை, நான் நின்று எய்ததே இல்லை என்றாராம். ஈரானின் ஜஹ்ரா நெமாதி 2016இல் ரியோவில் ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் இறங்கினார்.

உட்காருபவருக்கு உடல் ஊசலாட்டம் குறைவு என்பது உண்மை. ஆனால் அவருக்கு வேறு தொல்லை உண்டு: வில்லின் கீழ்க்கை, அதாவது வளையும் கீழ்ப்பகுதி, சக்கரத்திலோ தொடையிலோ தட்டாமல் இருக்க அவர் சற்றுத் திரும்பி உட்கார வேண்டும், வயிற்றுத் தசை வேலை செய்யாதவர் வில்லைத் தூக்கும்போது உடல் முன்னே சரியும், காற்றடித்தால் காலை மாற்றி வைத்துச் சமாளிக்க வழி இல்லை. நிற்பவருக்கு இவை இல்லை; அவருக்கு நாள் முழுதும் நிற்கும் களைப்பு இருக்கிறது. எதற்கு எது ஈடு என்று யாரும் தராசில் நிறுத்துவிட முடியாது.

அப்படியானால் உங்கள் மைத்துனர் நிற்பதா உட்காருவதா? நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பின், சனிக்கிழமை காலைகளில் திடலில் சிலருக்கு வில் பழக்கி வருகிறேன். அவர்களில் ஒருவர் உங்கள் மைத்துனரைப் போலவே முழங்காலுக்குக் கீழே இழந்தவர், ரப்பர் தோட்டத்தில் பழைய பால்வெட்டுத் தொழிலாளி. காலை எட்டு மணிக்குச் செயற்கைக் காலில் நின்று அவர் எய்யும் அம்புகள் ஒரு தட்டில் அடங்குவதுபோல் சேர்ந்து விழும். பத்து மணிக்கு வெயில் ஏறும். உறைக்குள் வியர்வை தேங்கும். எஞ்சிய காலின் மொட்டை முனை சுருங்கியோ வீங்கியோ செயற்கைக் காலுக்குள் அரை சுற்று வழுக்கும். அவர் அதைச் சொல்ல மாட்டார். ஆனால் அம்புகள் சொல்லிவிடும்: ஒன்று வலமாக, ஒன்று வலத்துக்குக் கீழாக என்று வரிசையாக நகரும். ஒரு நாள் அவரைக் கட்டாயப்படுத்தி, ரப்பர் மரத்தில் செய்த ஒரு பழைய முக்காலியில் உட்காரவைத்தேன். முதல் வாரம் எல்லாம் கெட்டது. நான்காம் வாரம் பத்து மணி அம்பும் எட்டு மணி அம்பும் ஒரே இடத்தில் விழுந்தன. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சாரே, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆகவே இரண்டையும் பழகட்டும். முக்காலியின் கால்களுக்கு அடியில் பலகை போடுங்கள், இல்லையென்றால் நம் ஊர் மழைக்கு ஒரு கால் மட்டும் மண்ணில் இறங்கி, யாருக்கும் தெரியாமல் ஆள் சாய்ந்திருப்பார். நாற்காலியோ முக்காலியோ வில் பிடிக்கும் கையைத் தாங்கக் கூடாது என்பது விதி. நாற்காலியின் பக்கங்கள் அக்குளுக்கு எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்பதற்குக்கூட அளவு உண்டு. எய்து முடித்தபின் மற்றவர்கள் கோட்டை விட்டுப் பின்வாங்க வேண்டும், நாற்காலியில் இருப்பவர் கோட்டிலேயே இருந்துகொள்ளலாம். அம்பைப் பிடுங்கிவர ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ளலாம்.

சாய்வு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கிலே பாருங்கள். ரீகர்வ் போட்டியில் இலக்கு 70 மீட்டரில் இருக்கிறது. அதன் குறுக்களவு 122 சென்டிமீட்டர். நடுவில் பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர், அதாவது ஒரு சிறு தேநீர்த் தட்டு. கண்ணுக்கும் வில்லில் உள்ள குறிகாட்டிக்கும் இடையே ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், குறிகாட்டி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அங்கே சுமார் எட்டு சென்டிமீட்டர் விலகிவிடும். பத்து ஒன்பதாகிவிட்டது. கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லுக்குத் தூரம் 50 மீட்டர், இலக்கு 80 சென்டிமீட்டர், பத்துப் புள்ளி வட்டம் எட்டு சென்டிமீட்டர். டபிள்யூ1 பிரிவினரும் 50 மீட்டரில்தான் எய்கிறார்கள். அவர்கள் வில்லின் இழுவிசை 45 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது.

வில்லைத் தேர்வதில்தான் பணமும் தோளும் வீணாகின்றன. ஓர் இளைஞருக்கு, எந்தக் கடை என்பது வேண்டாம், 'பெரிய ஆள்தானே' என்று சொல்லி 40 பவுண்டு வில்லை விற்றுவிட்டார்கள். அவர் செம்பனைக் குலை அறுத்த உடம்புக்காரர், முதல் நாள் இழுத்தும் காட்டினார். மூன்றாம் வாரம் தோளைத் தூக்க முடியாமல் வந்து நின்றார். ஐந்து மாதம் வில்லைத் தொடவில்லை. 40 பவுண்டு என்பது 18 கிலோ. தகுதிச் சுற்றில் 72 அம்பு எய்ய வேண்டும். பெருக்கினால் 1,300 கிலோவைத் தாண்டும். 20 கிலோ செம்பனைக் குலையாகப் பார்த்தால் 65 குலை, அதுவும் தோளால் அல்ல, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள தசையால், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. காலில் முட்டுக் கொடுக்க முடியாதவருக்கு இந்தச் சுமை முழுதும் முதுகில் இறங்குகிறது. எனவே 18 அல்லது 20 பவுண்டு வில்லில் தொடங்கட்டும். ஆறு மாதம் அதில் இருக்கட்டும். மேலும் கீழும் வளையும் வில்லின் கைகளை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய ரீகர்வ் வில்லாக இருந்தால், வலு ஏற ஏற நடுப்பகுதியை வைத்துக்கொண்டு கைகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ரீகர்வா காம்பவுண்டா என்றால், தோளும் கையும் முழுமையாக உள்ள அவருக்கு நான் ரீகர்வையே சொல்வேன். காம்பவுண்டில் கப்பிகள் இருப்பதால் முழுதாக இழுத்தபின் பாரம் பெருமளவு குறைந்துவிடும், நிதானமாகக் குறிபார்க்கலாம், விரலுக்குப் பதில் ரிலீஸ் என்னும் விசைக்கருவியால் நாணை விடலாம். கையில் குறை உள்ளவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் விலை அதிகம், சரிசெய்யத் தெரிந்த ஆள் நம் வட்டாரத்தில் குறைவு. போட்டித் தரத்துக்கு எந்த வில்லானாலும் ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) ஆகும். அந்தச் செலவை முதல் ஆண்டில் செய்யாதீர்கள்.

உங்கள் மைத்துனர் கைப்பேசியில் பார்த்த பெண் சீத்தல் தேவி, ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வாரைச் சேர்ந்தவர், பிறவியிலேயே கைகள் இல்லாதவர். அவர் வலது காலால் காம்பவுண்ட் வில்லைத் தூக்கிப் பிடித்து, நாணை வலது தோளில் பூட்டி இழுத்து, தாடையால் விடுவிக்கிறார். பாரிஸ் தகுதிச் சுற்றில் 720க்கு 703 எடுத்தார். ராகேஷ் குமாருடன் சேர்ந்து கலப்பு இரட்டையரில் வெண்கலம் வென்றார். அவருக்கு முன்பே இவ்வழியில் எய்துவந்த அமெரிக்கரான மாட் ஸ்டட்ஸ்மன் 2012இல் வெள்ளியும் பாரிஸில் தங்கமும் பெற்றார். ஒரு கை மட்டும் உள்ளவர்கள், நாணில் கட்டிய சிறு தோல்பட்டையைப் பல்லால் கடித்து இழுக்கிறார்கள். பார்க்கப் பரவசமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் மைத்துனர் பார்க்க வேண்டிய ஆள் ஹர்விந்தர் சிங். ஹரியானாக்காரர். ஒன்றரை வயதில் டெங்கு காய்ச்சலுக்குப் போட்ட ஊசியால் கால்கள் பாதிக்கப்பட்டவர். ரீகர்வ் வில்லில் டோக்கியோவில் வெண்கலம், பாரிஸில் தங்கம்; இறுதிச் சுற்றில் போலந்து வீரரை 6-0 என்று முடித்தார்.

அந்த 6-0 என்னவென்று கேட்பீர்கள். ரீகர்வில் நேருக்கு நேர் மோதும்போது மூன்று மூன்று அம்பாக ஒரு செட். செட்டை வென்றவருக்கு இரண்டு புள்ளி, சமமானால் ஆளுக்கு ஒன்று, முதலில் ஆறு எடுப்பவர் வென்றவர். ஒரு செட்டில் ஓர் அம்பு கோணலாகப் போனாலும் அடுத்த செட் புதுக்கணக்கு. காம்பவுண்டிலும் டபிள்யூ1இலும் அப்படி இல்லை. 15 அம்பு, 150 புள்ளி, கூட்டிக்கொண்டே போவார்கள், சிந்தியது சிந்தியதுதான். மாறி மாறி எய்யும்போது ஓர் அம்புக்கு 20 நொடி. படபடப்புக்காரருக்கு இந்த 20 நொடிதான் சோதனை.

நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2019இல் நெதர்லாந்தில் நடந்த உலக பாரா வில்வித்தைப் போட்டியில் ஆண்கள் ரீகர்வ் ஓப்பன் பிரிவில் தங்கம் வென்றவர் மலேசியாவின் சுரேஷ் செல்வதம்பி. நம் தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு நாள் வந்து மறைந்த செய்தி அது; பந்து விளையாட்டுக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் நீங்கள் காஷ்மீரத்துப் பெண்ணுக்கு முன் இவரைப் பார்த்திருப்பீர்கள். 2016 முதல் பாராலிம்பிக் தங்கத்துக்கும் ஒலிம்பிக் தங்கத்துக்கும் அரசு ஒரே ஊக்கத்தொகையாகப் பத்து லட்சம் வெள்ளி தருகிறது என்பதையும் உங்கள் மாமியாரிடம் சொல்லிவையுங்கள். 'இதெல்லாம் எதுக்கு' என்று அவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள்.

வழி இப்படிப் போகும். சமூக நல இலாகாவில் ஓ.கே.யூ. என்னும் மாற்றுத்திறனாளி அட்டை எடுங்கள். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்பதால் தொழிலாளர் காப்புறுதி அமைப்பான சொக்சோவில் கோரிக்கை வைத்தாயிற்றா என்று பாருங்கள்; செயற்கைக் காலும் மறுவாழ்வுப் பயிற்சியும் அதில் வரும், பலர் இழப்பீட்டுப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஈப்போவில் மாநில விளையாட்டு மன்றத்தில் பாரா விளையாட்டுப் பிரிவை நேரில் போய்ப் பார்த்துப் பெயர் கொடுங்கள். மாநிலத் தேர்வு, மாநிலங்கள் மோதும் பாரா சுக்மா, அதில் கண்ணில் பட்டால் கோலாலம்பூர் கம்போங் பாண்டானில் உள்ள பாராலிம்பிக் பயிற்சி மையம் என்பது ஏணி. அனைத்துலகப் பிரிவுத் தேர்வு பெரும்பாலும் அனைத்துலகப் போட்டிக்கு முந்தைய நாட்களில்தான் நடக்கும். அதை இப்போது நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

வீட்டுப் பின்புறத்தில் மட்டும் எய்ய விடாதீர்கள். லயத்து வீடுகளுக்கு நடுவே, கோழி ஓடும் இடத்தில், பலகைக்குப் பின்னால் வெறும் வாழைமரத்தை நம்பி எய்தால் ஒரு நாள் போலீஸ் வரும், அல்லது ஆம்புலன்ஸ் வரும். அம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பொருள்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழரைக்குத் திடலுக்கு அழைத்து வாருங்கள். 18 பவுண்டு வில் என்னிடம் இருக்கிறது. ஐந்து மீட்டரில், இலக்குத் தாளே ஒட்டாத வெறும் வைக்கோல் மெத்தையில்தான் தொடங்குவோம். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு எய்யச் சொல்வேன், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். செயற்கைக் காலுக்கு மாற்று உறை இரண்டும், ஒரு துண்டும், தண்ணீரும் கொண்டுவரட்டும். முக்காலி என்னிடம் இருக்கிறது, பலகையும் இருக்கிறது.